டிமேட் கணக்குக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

தருமபுரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் நாம் எழுதிவரும் பங்குச்சந்தைக் கையேட்டின் முதல் இயல் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. பங்கு, தரகர், ஈவுத்தொகை, முகமதிப்பு எல்லாம் மேல்நிலை வணிகவியல் பாடத்திலேயே பழகியவை. வாங்கிய பங்குகள் மின்பதிவாக இருக்கும் டிமேட் கணக்குக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. "காகிதமற்ற கணக்கு" என்ற முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

1996இல் வைப்பகச் சட்டம் (வைப்பகம் என்பது அந்த மின்பதிவை வைத்திருக்கும் நிறுவனம்) வந்தபோது அந்தப் பெயருக்கு ஒரு பொருள் இருந்தது. அதற்கு முன் பங்கு என்றால் கையில் சான்றிதழ். விற்றால் மாற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வரும், தபாலில் தொலையும், போலிச் சான்றிதழும் நடுவில் கலக்கும். அந்த ஆண்டே என்எஸ்டிஎல் என்ற முதல் வைப்பகம் தொடங்கியது; 1999இல் இரண்டாவது, சிடிஎஸ்எல். 2019 ஏப்ரல் முதல், பட்டியலிட்ட நிறுவனத்தின் பங்கைக் காகிதமாகவே வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு விற்று மாற்றவும் முடியாது. இன்று 19 வயதில் கணக்கு தொடங்குகிறவர் பங்குச் சான்றிதழைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஒழிந்துபோன ஒன்றின் பெயரால் அழைத்தால் அவருக்கு என்ன விளங்கும்?

மாணவர்கள் உண்மையில் கேட்கும் கேள்வி வேறு. "ஆப்பை அழித்துவிட்டால் பங்கு போய்விடுமா? தரகு நிறுவனம் இழுத்து மூடினால் என்ன ஆகும்?" போகாது என்பதுதான் விடை. நாம் வாங்கிய பங்கின் பதிவு தரகரிடம் இல்லை. இரண்டு வைப்பகங்களில் ஒன்றில் நம் பெயரில் இருக்கிறது. கணக்கு எண்ணைப் பார்த்தாலே எந்த வைப்பகம் என்று தெரிந்துவிடும். 16 இலக்கமும் எண்ணாகவே இருந்தால் சிடிஎஸ்எல். "ஐஎன்" என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கிப் பின்னால் 14 எண் வந்தால் என்எஸ்டிஎல். தரகரின் ஆப் இல்லாமலேயே அந்தந்த வைப்பகத்தின் தளத்துக்குள் நேராகப் போய் நம் பங்குகளைப் பார்க்கலாம். பெயரைக் கேட்டதும் இந்த உரிமை மனதில் படவேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: பங்குப் பட்டா. நிலத் தரகர் காட்டிக் கொடுப்பார், பேசி முடிப்பார். பட்டா அவர் பெயரில் இருக்காது. நம் மாவட்டத்தில் இதைவிட எளிதாக யாருக்கும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஓசூரிலிருந்து:

அண்ணா, நேராவே சொல்லிடறேன். சிப்காட்ல ஷிப்ட் முடிச்சு வர்ற பசங்க எல்லாரும் டிமேட்னுதான் சொல்றாங்க. ஆப்புல அப்படித்தான் இருக்கு, கேஒய்சி படிவத்துலயும் அப்படித்தான். பட்டான்னு எழுதினா ஆப்புல எங்க போய்த் தேடுவாங்க? பேரை மாத்தறதுக்கு முன்னாடி வேற ஒண்ணு எழுதுங்க. மாசம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்ஐபி (மாசாமாசம் தவணை) போடறவனுக்கு டிமேட்டே தேவையில்லை. ஃபண்டு நிறுவனம் தர்ற ஃபோலியோ எண் போதும், அதுதான் அங்க நம்ம கணக்கு எண். இது தெரியாமலே பாதிப் பேர் முதல்ல டிமேட்டைத் திறந்துட்டு, திறந்தாச்சேன்னு எஃப் அண்ட் ஓ (விலை ஏறுமா இறங்குமான்னு ஒப்பந்தம் போடற வியாபாரம்) பக்கம் போயிடறாங்க. 2022லிருந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டுல அதுல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நட்டம்னு பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கு. அதைக் கையேட்டுல கொட்டை எழுத்துல போடுங்க.

இன்னொண்ணு. இங்க டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ்னு எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கறதால "நம்ம கம்பெனி ஷேரையே வாங்கிப் போடலாம்"னு கேன்டீன்ல பேச்சு ஓடும். சம்பளமும் அங்கேருந்து, சேமிப்பும் அங்கேயேன்னா ரெண்டும் ஒண்ணா ஆட்டம் காணும். இதுவும் சொல்லுக்கு வெளியேதான், மன்னிச்சுக்கங்க.

அரூரிலிருந்து:

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டா என்ற சொல்லைத் தொட்டதால் எழுதுகிறேன்.

முதலாவது, பட்டா வருவாய்த் துறையின் பதிவு. மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் பட்டாவை மட்டும் நம்பி எங்கள் பக்கம் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அனுபவம் இன்னொருவரிடம் இருக்கும், வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும். நீங்கள் உறுதியைக் குறிக்கப் பயன்படுத்த நினைக்கும் சொல் எங்கள் காதில் தகராறாக ஒலிக்கிறது.

இரண்டாவது, இதைவிடப் பெரிய சிக்கல். "பங்குப் பட்டா" என்று ஒரு பையன் வீட்டில் போய்ச் சொன்னால் அவன் அப்பா என்ன நினைப்பார்? அண்ணன் தம்பி பாகம் பிரித்து, கூட்டுப் பட்டாவை உடைத்துத் தனிப் பட்டா கேட்கிறான் என்றுதான் நினைப்பார். கிராமத்தில் பங்கு என்றால் சொத்தில் பங்கு. பங்காளி என்ற சொல் எங்கே பிறந்தது என்று தெரியுமல்லவா?

பட்டாவை விட்டுவிடுங்கள். வேண்டுமானால் சிட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 10(1) சிட்டாவில் ஒரு பட்டாதாரர் பெயரில் எந்தெந்தப் புல எண்ணில் எவ்வளவு நிலம் என்று வரிசையாக இருக்கும். வைப்பகம் அனுப்பும் தொகுப்பு அறிக்கை என்று நீங்கள் போன மடலில் காட்டிய தாளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது: இன்ன நிறுவனம், இத்தனை பங்கு.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயாவின் "பங்காளி"யைப் படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

"பங்கு வைப்புக் கணக்கு" என்று ஒரு மாற்று வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே தடுத்துவிடுகிறேன். வைப்பு என்றால் எங்கள் கவுன்டரில் நிற்கும் எவருக்கும் வட்டிதான் நினைவுக்கு வரும். முதிர்வுத் தேதி வரும், முதல் பத்திரமாக இருக்கும். பங்கில் மூன்றுமே கிடையாது. ஏற்கெனவே "முதலீடு" என்ற சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறோம். அதிக வட்டி ஆசை காட்டிப் பணம் வாங்கி ஓடிய நிதி நிறுவனங்களுக்காக 1997இல் வந்த மாநிலச் சட்டம் உண்மையில் வைப்புதாரர்களுக்கானது. செய்தித்தாளில் அது "முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்" என்றே வருகிறது. அதனால் பிள்ளை "முதலீடு செய்கிறேன்" என்றால் அம்மாவுக்கு "முதலீட்டாளர்கள் போலீசில் புகார்" என்ற தலைப்புதான் கண்முன் நிற்கிறது. அந்தக் குழப்பத்தில் வைப்பையும் சேர்க்க வேண்டாம். வைப்பகம் என்ற நிறுவனப் பெயர் இருக்கட்டும், சட்டப்பெயர் அது. கணக்கின் பெயரில் வேண்டாம்.

"மின்பங்குக் கணக்கு" என்றாலும் ஆகாது. மின்கணக்கு எடுக்க ஆள் வந்திருக்கிறார் என்று கதவைத் திறப்பார்கள்.

என் யோசனை: பங்கிருப்புக் கணக்கு. கடையில் சரக்கு இருப்பு, வங்கியில் பண இருப்பு, இங்கே பங்கு இருப்பு. வணிகவியல் படித்தவர்களுக்கு இருப்புநிலைக் குறிப்பும் தெரியும். "குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதமா?" என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். குறைந்தபட்ச இருப்பு என்று எதுவும் இல்லை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்தான் உண்டு என்று எழுத அதுவே நல்ல இடம். சிறு முதலீட்டாளருக்கான அடிப்படைச் சேவைக் கணக்காக வைத்துக்கொண்டால் 4 லட்சம் மதிப்பு வரை அந்தக் கட்டணமும் இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். 2024 செப்டம்பரிலிருந்து இந்த வரம்பு.

தருமபுரியிலிருந்து:

பட்டாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அரூர் ஐயா சொன்னதோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. சட்டப்படி, நிறுவனத்தின் பதிவேட்டில் உரிமையாளராக இருப்பது வைப்பகம், நாம் பயனுரிமையாளர். ஈவுத்தொகை, வாக்குரிமை, விற்கும் உரிமை எல்லாம் நமக்கே. நிலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மாணவர் ஒருவர் இதை நோண்டிக் கேட்டால் பட்டா விளக்கம் பாதியில் அறுந்துவிடும்.

பங்கிருப்புக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லும்போது நாக்கு தடுக்கவில்லை, பொய்யாக எதையும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஒரு குறை: அந்தக் கணக்கில் கடன் பத்திரம், தங்க ஈடிஎஃப் (சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி) எல்லாம் வைக்கலாம், பங்கு மட்டும் இல்லை. முதன்முதலாக வருகிறவருக்கு அது பாதகமில்லை என்று விட்டுவிடுகிறேன். தொகுப்பு அறிக்கைக்கு "இருப்புச் சிட்டா". இது ஐயாவின் கொடை. ஓசூர் தம்பிக்கு: ஒவ்வோர் இயலிலும் முதல் தடவை "டிமேட் என்னும் பங்கிருப்புக் கணக்கு" என்றே வரும். படிவத்தில் தேடத் தெரியாமல் யாரும் திண்டாட வேண்டாம். ஃபோலியோ பற்றி நீ சொன்னதை இயலின் முதல் பத்தியாகவே வைத்துவிட்டேன்; 93 சதவீதம் அதற்கு அடுத்த பத்தியில்.

இனி டிரேடிங் கணக்கு. பாடநூலில் வியாபாரக் கணக்கு என்றால் மொத்த லாபம் கண்டுபிடிக்கும் கணக்கு. அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தால் பிளஸ் டூ முடித்தவர் குழம்புவார். "தரகர் கணக்கு" என்று வைக்கலாமா? பணத்தைப் போட்டு வாங்க, விற்க ஆணை கொடுப்பது தரகர் கணக்கில். வாங்கிய பங்கு மறு வேலைநாள் வந்து சேர்வது பங்கிருப்புக் கணக்கில். இரண்டு பெயரையும் அருகருகே வைத்தால் எது யாரிடம் இருக்கிறது என்று அவையே சொல்லிவிடுகின்றன. வாங்காமல் கிடக்கும் பணம் தரகர் பக்கம்தான் இருக்கிறது என்பதும் வெளிப்படும். அதை மாதந்தோறுமோ காலாண்டுக்கு ஒருமுறையோ வங்கிக் கணக்குக்குத் திருப்பச் சொல்லி விதி இருக்கிறது என்று ஓர் அடிக்குறிப்பு போதும்.

அரூரிலிருந்து:

தரகர் கணக்கு சரி. ஆனால் பங்கை அடகு வைத்து, வாங்கி விற்கத் தரகரிடம் கூடுதல் வரம்பு பெறுகிறார்களே, அது எங்கே பதிவாகும்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

பங்கிருப்புக் கணக்கிலேயே, ஐயா. பங்கு நம் கணக்கை விட்டு நகராது. அடகு என்ற குறியோடு நிற்கும். இருப்புச் சிட்டாவிலும் தெரியும். ஆப் "சம்மதமா?" என்று கேட்கும்போது படிக்காமல் ஓடிபியைத் தட்டுகிறவர்களுக்காக இதையும் எழுத வேண்டும்.

அரூரிலிருந்து:

அப்படியானால் அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. வில்லங்கம்.

ஓசூரிலிருந்து:

வில்லங்கம் செம! இது பசங்களுக்கு உடனே ஏறும்.

தருமபுரியிலிருந்து:

வில்லங்கம் ஏற்கப்பட்டது. படிவத்தில் "பிளெட்ஜ்" என்று இருப்பதையும் பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.

அடுத்தது நாமினி. தயவுசெய்து யாரும் "வாரிசு" என்று எழுதி அனுப்ப வேண்டாம். நாமினியாகப் பெயர் இருப்பதாலேயே பங்கு அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுரிமைச் சட்டப்படிதான் போகும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, பிறகு மாற்ற மறந்துவிடுகிறவர்கள்தான் நம் வாசகர்கள். "நியமனர்" என்பது என் வரைவில் இருக்கிறது, காதுக்கு வறட்டுத்தனமாகப் படுகிறது. வேறு இருந்தால் தனி மடலாக எழுதுங்கள். இந்த இழை நீண்டுவிட்டது.