“யாருக்குத் தெரியும்?”: பூரிம் காட்டுவது துணிவா, நெருக்கடியா?

கூழாங்கல்:
பாரசீக அரசி எஸ்தர் தன் யூத மக்களை அழிவிலிருந்து காத்ததாக பைபிளின் எஸ்தர் நூல் சொல்வதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை துணிவுக்கும் வாழ்வின் நோக்கத்துக்கும் பாடம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 13ஆம் நாள் யூதர் அனைவரையும் கொல்ல, அரசனின் தலைமை அமைச்சன் ஆமான் ஆணை பெற்றுவிட்டான் என்று எஸ்தரின் உறவினர் மொர்தெகாய் சொல்லியனுப்பியபோது, அழைப்பின்றி அரசனிடம் போனால் மரணம், தன்னை அவர் அழைத்தே 30 நாளாயிற்று என்றுதான் எஸ்தர் பதிலனுப்பினாள். அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்புவாய் என்று எண்ணாதே என மொர்தெகாய் எச்சரித்த பிறகே அவள் இசைந்தாள். எப்படியும் சாவுதான் என்றான பின் எடுக்கும் முடிவுக்குத் துணிவு என்று எப்படிப் பெயர் வைப்பது?

ஏட்டுச்சுவடி:
எப்படியும் சாவுதான் என்பது மொர்தெகாயின் கூற்று. கதையின் நிலவரம் அதுவன்று, நண்பரே. சித்தப்பா மகளான அவளை எடுத்து வளர்த்த அதே மொர்தெகாய்தான் குலத்தை வெளியே சொல்லாதே என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அவள் யூதப்பெண் என்பது அரசனுக்கும் தெரியாது, ஆமானுக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பைத்தான் அவள் கைவிட்டாள்.

நோக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்தர் நூலின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மோசேக்கு எரியும் முட்செடியிலிருந்து குரல் கேட்டது. எஸ்தருக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட காலத்துக்காகவே உனக்கு இந்த மேன்மை வாய்த்திருக்கலாம், “யாருக்குத் தெரியும்?” என்று மொர்தெகாய் சொன்னதே அவளுக்குக் கிடைத்த மொத்த உறுதி. அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாள் உபவாசமிருந்து, அரச உடை அணிந்து, உள்முற்றத்தில், சிங்காசனம் நேரே தெரியும் இடத்தில் போய் நிற்கிறாள். உயிர்ப்பிச்சைக்கு அடையாளமாக அரசனின் பொற்செங்கோல் நீளுமா நீளாதா என்பது அந்த நொடியில் யாருக்கும் தெரியாது.

கூழாங்கல்:
குலத்தை மறைத்திருந்தாள் என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஐந்தாம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் யூதர்களின் கையால் அவர்களின் எதிரிகள் 75,000 பேர் கொல்லப்படுகிறார்கள்; தலைநகர் சூசானில் கொல்ல இன்னொரு நாளும் வேண்டும் என்று கேட்பவள் இதே எஸ்தர்தான். 1994 பிப்ரவரி 25, பூரிம் நாளன்று, மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரோன் நகரில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களைச் சுட்டுக்கொன்றவனும் யூத மதத்தீவிரன்தான். கதையின் பின்பகுதியைக் கொண்டாட்டச் சத்தத்தில் மறந்துவிடக் கூடாது.

நெல்லிமரம்:
ஹெப்ரோன் கொலைகளை எந்த நூலின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எஸ்தர் நூலைப் பொறுத்தவரை, அரச முத்திரையிட்ட முதல் ஆணையைத் திரும்பப் பெற முடியாது என்பதால், தற்காத்துக்கொள்ள அனுமதிக்கும் இரண்டாம் ஆணை வெளிவருகிறது. கொள்ளையிடவும் அதில் இசைவு உண்டு. அப்படியிருந்தும் கொள்ளையில் கைவைக்கவில்லை என்று நூல் மூன்று முறை சொல்கிறது. ஆய்வாளர் பலர் இதை நடந்த வரலாறாகக் கொள்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஆனாலும் அந்த இரண்டாம் நாள் எனக்கும் உறுத்தல்தான்.

பண்டிகையைக் கதையை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம், அன்றைய கடமைகளையும் பாருங்கள். எஸ்தர் நூலை வாசிக்கையில் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை சுழற்றுவதும் முக்கோணப் பலகாரமும்தான் வெளியே தெரிகின்றன. இரண்டு ஏழைகளுக்காவது கொடுக்க வேண்டும் என்பது அன்றைய கட்டாயக் கடமை. கைநீட்டுபவன் உண்மையிலேயே ஏழைதானா என்று துருவுவதும் அன்று கூடாது. விருந்துக்குச் செலவிடுவதைவிட ஏழைகளுக்குக் கொடுப்பதைக் கூட்டுவதே மேல் என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்தார்.

கூழாங்கல்:
துருவாமல் கொடுக்கும் வழக்கத்தை மனமார ஏற்கிறேன். ஆனால் நூல் வாசிப்பில், கொல்லப்பட்ட ஆமானின் பத்து மகன்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் படித்து முடிக்கிறார்களே, அந்த இடத்தில் எனக்கு இன்னும் மூச்சு முட்டுகிறது.