வஞ்சிரத்தில் வெல்லம்-புளி பூச்சு நிக்கவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

இடம் தண்டையார்பேட்டை. மூணு வாரமா இதே கதைதான். மீன் மேல பளபளன்னு ஒட்டி நிக்க வேண்டிய பூச்சு தண்ணியா வழிஞ்சு தவாவுல தேங்குது. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா கருகிக் கசக்குது.

ஞாயிறு காசிமேட்டுல வாங்கி ஃப்ரீசர்ல வெச்ச மீன், வாரநாள் ராத்திரி சமையல். ஒரு விரல் கனத்துல நாலு துண்டு. பூச்சுக்கு வெல்லத்தூள் 1 மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி, தட்டின பூண்டு 3 பல், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். எண்ணெய் 2 டீஸ்பூன்தான், கூட்டற எண்ணம் இல்லை. நான்ஸ்டிக் தவா, இண்டக்‌ஷன் அடுப்பு, 1200 வாட்.

பூச்சுல ஊறவெச்சுப் போட்டா மீன் வேகறதுக்குள்ள வெல்லம் கருகிடுது. பக்கத்துக்கு 3 நிமிஷம் பொரிச்சு கடைசில ஊத்தினா வழியுது. தனியாக் காய்ச்சி கெட்டியாக்கியும் பார்த்தாச்சு. மீன் கசியற தண்ணி அதை மறுபடி இளக்கிடுது. சோளமாவு அரை டீஸ்பூன் சேர்த்தா ஒட்டுது, ஆனா கொழகொழன்னு ஆகி பளபளப்பே போயிடுது. காலையிலேயே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்தி, உப்பு தடவி 10 நிமிஷம் கழிச்சு துணியில ஒத்தினது மட்டும் கொஞ்சம் உதவுச்சு.

பொரிச்ச மீனை வெளிய எடுத்து, தவாவுல பூச்சை வத்தவிட்டு, அப்புறம் மீனைத் திரும்பப் போட்டுப் புரட்டினா நிக்குமா?