ஈசிஆர் பக்கம் ஏசிபி: எந்தக் கோட்டிங் தாங்கும்? (அனுபவப் பகிர்வு)

நீலாங்கரை_சைட்
கடலிலிருந்து 400 மீட்டர். தரைத்தளமும் 3 மாடியும், கிழக்கு பார்த்த முகப்பு, சுமார் 2,200 சதுர அடி ஏசிபி (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கோர் வைத்து ஒட்டிய ஷீட்). கொட்டேஷன் மூன்று: ஒன்று பாலியஸ்டர், ஒன்று பிவிடிஎஃப் (ஃப்ளோரின் சேர்ந்த ரெசின்), இன்னொன்று ‘நானோ’. மூன்றிலும் 4 மி.மீ. ஷீட்தான். டிசைனில் காப்பர் மெட்டாலிக்கும் அடர் சிவப்பும் வருகிறது. கடற்கரைப் பக்கம் வேலை செய்தவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ரூட்டர்மேசை
பாலியஸ்டரை முதல்லயே தள்ளி வைங்க சார். மாலுக்குள்ள இருக்கற கடை போர்டு, லிஃப்ட் லாபி, ரெண்டு வருஷத்துல மாத்தப்போற ஷோரூம், இதுக்கெல்லாம் அது தாராளமா போதும். வெயில் படற முகப்புக்கு ஆகாது. புறஊதாக் கதிர் பாலியஸ்டர் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். அறுந்த ரெசின் நிறமியைப் பிடிச்சு வைக்காது. அப்போ ஷீட்டைத் தடவிப் பாத்தா விபூதி மாதிரி கையில ஒட்டும். அதைத்தான் சாக்கிங்னு சொல்றோம். பிவிடிஎஃப்ல இருக்கற கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பை வெயிலால அவ்வளவு சுலபமா உடைக்க முடியாது, அதனாலதான் அந்த விலை.

‘பிவிடிஎஃப்’னு பில்லுல போட்டா மட்டும் போதாது. ரெசின்ல 70 சதவீதம் பிவிடிஎஃப், 30 சதவீதம் அக்ரிலிக், இதுதான் முழுத்தரம். கைனார் 500, ஹைலார் 5000 எல்லாம் அந்த ரெசினோட பேரு. சாதா நிறத்துக்கு பிரைமரும் டாப்கோட்டும் சேர்ந்து 25 மைக்ரான் சுமாருக்கு வரணும். மெட்டாலிக்னா மேல ஒரு கிளியர் கோட், மொத்தம் மூணு கோட், 30-ஐத் தாண்டும். பாலியஸ்டர் ஷீட் பெரும்பாலும் 16-லேருந்து 20-க்குள்ள நிக்கும்.

‘ஆமா டெஸ்டட்’னு (AAMA, அமெரிக்கக் கட்டடப் பொருள் உற்பத்தியாளர் சங்கத்தோட தரம்) பிரோஷர்ல இருந்தா எண்ணைக் கேளுங்க. ஆமா 2603-க்கு ஃப்ளோரிடா வெயில்ல 1 வருஷம், 2604-க்கு 5 வருஷம், 2605-க்கு 10 வருஷம். மூணும் ஒண்ணு கிடையாது.

கோர்_பார்
இடையில் ஒரு எச்சரிக்கை. கொட்டேஷனில் ‘பிஇ’ என்று இருந்தால் அது பாலியஸ்டர் பெயின்ட்டா, பாலிஎத்திலீன் கோரா என்று கேளுங்கள். ரெண்டுக்கும் அதே எழுத்துதான். தீப்பிடிப்பதைத் தீர்மானிப்பது கோர், கோட்டிங் அல்ல. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீயைப் பரப்பியது பாலிஎத்திலீன் கோர் போட்ட பேனல். உயர்ந்த பிவிடிஎஃப் அடித்து, உள்ளே சாதா பிளாஸ்டிக் கோர் வைத்த ஷீட்டும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. எஃப்ஆர் கோர் (தீ பரவுவதைத் தாமதிக்கும் கோர்) என்று தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

உப்புக்காத்து
ஈசிஆர், பட்டினப்பாக்கம், ராயபுரம் பக்கமெல்லாம் கோட்டிங் ஷீட்டோட நடுவுல போறது அபூர்வம். வெட்டின ஓரத்துலதான் ஆரம்பிக்கும். கிட்டப் போய்ப் பாருங்க: ஓரத்துலேருந்து உள்பக்கமா மெல்லிசா, புழு ஊர்ந்த தடம் மாதிரி பெயின்ட் மேல எழும்பி இருக்கும். நகத்தால கீறினா கீழே வெள்ளைப் பொடி. வெட்டின விளிம்புல அலுமினியம் அப்படியே திறந்து கிடக்குது, உப்பும் ஈரமும் அது வழியா பெயின்ட்டுக்கு அடியில போகுது. கோட்டிங் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் இதைத் தடுக்காது.

அதனால ஷீட்டைத் தட்டையா வெட்டி ஸ்க்ரூ அடிக்காதீங்க. நாலு பக்கமும் 25 மி.மீ. மடிச்சு கேசட்டா (தட்டு மாதிரி) பண்ணா, வெட்டு விளிம்பு உள்ளே போயிடும். மடிக்க 90 டிகிரி கட்டர்ல வி-குரூவ் (V வடிவப் பள்ளம்) போடும்போது முன் தகடுக்கு மேல 0.3 மி.மீ. கோர் மிச்சம் இருக்கணும். தகடு 0.5 மி.மீ.ன்னா மொத்தம் 0.8 நிக்கும். அதுக்கும் ஆழமா ரூட்டர் போனா மடிப்புல பெயின்ட் முடி முடியா வெடிக்கும். அந்த வெடிப்புல உப்பு புகுந்துடுச்சுன்னா கதை முடிஞ்சது. 0.25 மி.மீ. தகடு போட்ட ஷீட்டுல இந்த அளவைப் பிடிக்கறதே கஷ்டம், வெளிவேலைக்கு 0.5 கேளுங்க.

இன்னொண்ணு. ரிவெட்டோட உடம்பு அலுமினியமா இருக்கும், உள்ளே உடையற ஆணி இரும்பா இருக்கும். முதல் மழைக்கே பேனல்ல பழுப்புக் கண்ணீர் வடியும். கோட்டிங் போச்சுன்னு சப்ளையர்கிட்ட சண்டை போடுவாங்க. போனது ஆணி.

நிறம்_முக்கியம்
அடர் சிவப்பை மறுபடி யோசியுங்கள். வெள்ளை, சாம்பல், பழுப்பு, காவி போன்றவை கனிம நிறமிகள், வெயிலுக்கு நிற்கும். பளிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பெரும்பாலும் கரிம நிறமி. ரெசின் பிவிடிஎஃப் ஆக இருந்தாலும் அந்த நிறமி வெளுக்கும். அதனாலேயே பல கம்பெனிகள் வாரன்ட்டியில் இந்த நிறங்களுக்குத் தனி நிபந்தனை வைக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு கையெழுத்துப் போடுங்கள். செங்கல் காவிக்கு மாறினால் பாதிக் கவலை தீரும்.

காப்பர் மெட்டாலிக்கில் வேறு தொல்லை. பாதுகாப்பு ஃபிலிமில் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். எல்லா ஷீட்டும் ஒரே திசையில் போக வேண்டும். கழிவை மிச்சப்படுத்த ஒரு துண்டைத் திருப்பி வைத்தால், காலை வெயிலில் அந்த ஒரு பேனல் மட்டும் வேறு நிறமாக நிற்கும். ஃபிலிம் உரித்த பிறகுதான் தெரியும், அப்போது சிலிகானும் காய்ந்திருக்கும்.

பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். 8-க்கு 4 அடி ஷீட் 32 சதுர அடி; 2,200-ஐ 32-ஆல் வகுத்தால் 69 ஷீட், 12 சதவீதம் வெட்டுக் கழிவோடு 77. அதே பேட்ச்சில் இன்னும் 3 ஷீட் வாங்கி கட்டடத்திலேயே வைத்துவிடுங்கள். பின்னால் ஒரு பேனல் அடிபட்டால் அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது.

மைக்ரான்மீட்டர்
சைட்டுக்கு வந்த ஷீட் சொன்னதுதானா என்று பார்க்க:

தடிமன் மீட்டர் அலுமினியத்துக்கான எடி கரன்ட் வகையாக இருக்க வேண்டும். இரும்புக்கான காந்த வகை இங்கே வேலை செய்யாது. அதே ஷீட்டின் பெயின்ட் நீக்கிய துண்டில் பூஜ்யம் வைத்துவிட்டு, ஒரு ஷீட்டில் அஞ்சு இடமாவது அளந்து பாருங்கள்.

எம்இகே (ஒரு கரைப்பான்) நனைத்த துணியால் 100 தடவை முன்னும் பின்னும் தேய்க்கும் சோதனையைப் பலர் ‘பிவிடிஎஃப் டெஸ்ட்’ என்கிறார்கள். அது சரியாக பேக் ஆகியிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நன்றாக வெந்த பாலியஸ்டரும் தேறிவிடும். ரெசின் எது என்று தெரிய, 10 செ.மீ. சதுரத் துண்டை என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் எஃப்டிஐஆர் (அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை) பார்க்கக் கொடுங்கள்.

கண்ணுக்கே ஒரு அடையாளம் உண்டு. பிவிடிஎஃப் பொதுவாக 20-லிருந்து 40 கிளாஸ் (பளபளப்பு அளவு), அடக்கமான மினுக்கு. முகம் தெரிகிற பளபளப்பில் ‘பிவிடிஎஃப்’ என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். ஒன்று அது எஃப்இவிஇ (இன்னொரு வகை ஃப்ளோரின் ரெசின்), இல்லையென்றால் பாலியஸ்டர். ‘நானோ’ என்பது பெரும்பாலும் மேலே ஒரு அழுக்கு ஒட்டாத கிளியர் கோட். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ரூட்டர்மேசை
யாராவது ‘பவுடர் கோட்டிங் அடிச்சுத் தர்றோம்’னு வந்தா நம்பாதீங்க. பவுடர் 180 டிகிரிக்கு மேல வேகணும், உள்ளே இருக்கற பாலிஎத்திலீன் 110 சுமாருக்கே உருகும். ஏசிபிக்குத் தகடை முதல்ல சுருளா (காயில்) இருக்கறப்பவே பெயின்ட் பண்ணி, அப்புறம்தான் கோரோட ஒட்டுவாங்க.

ஜூலா_கிளீனிங்
கழுவுறதைப் பத்தி. மழை படற முகப்பை விட, மழை படாத போர்ட்டிகோ அடிப்பக்கம்தான் சீக்கிரம் கெடும். உப்பு படிஞ்சு அங்கேயே தங்கிடும். கடலோரம்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணி, சாதா சோப்புத் தண்ணி, மெத்துத் துணி. போர் தண்ணியே உப்பா இருந்தா அதுல கழுவிப் பிரயோஜனம் இல்லை. டைல்ஸ் ஆளுங்க ஆசிட் ஊத்திக் கழுவுறப்போ பேனலை மூடி வைங்க, ஒரு தெறிப்பு போதும். சிமென்ட் பால் வழிஞ்சா காயறதுக்குள்ள துடைச்சிடணும். பேனல் ஏறின 45 நாளைக்குள்ள ஃபிலிமை உரிச்சிடுங்க. சித்திரை வெயில்ல விட்டா பசை வெந்து ஷீட்டோட ஒட்டிக்கும்.

கோர்_பார்
பழைய பாலியஸ்டர் முகப்பு வெளுத்துப்போய்க் கேட்பவர்களுக்கு: பிவிடிஎஃப் 230 டிகிரிக்கு மேல் வேக வேண்டியது, சைட்டில் அடிக்க முடியாது. இரண்டு பாகம் கலக்கும் எஃப்இவிஇ காற்றில் காயும். சாக்கிங் முழுக்க கழுவி, ஸ்காட்ச்பிரைட்டில் லேசாகத் தேய்த்து, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) துடைப்பு, பிறகு ஸ்ப்ரே. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், ஈரத்தில் பிடிக்காது.

நீலாங்கரை_சைட்
நன்றி. பர்ச்சேஸ் ஆர்டரில் இப்படிப் போடுகிறேன்: 4 மி.மீ., தகடு 0.5, எஃப்ஆர் கோர், 70/30 பிவிடிஎஃப், ஆமா 2605 ரிப்போர்ட், ஒரே பேட்ச் 80 ஷீட், சிவப்புக்குப் பதில் காவி. சீலன்ட் நியூட்ரல் க்யூர் சிலிகான், ஜாயின்ட் 8 மி.மீ.

உப்புக்காத்து
ஜாயின்டை 12 ஆக்குங்க. 2,440 மி.மீ. பேனல் 40 டிகிரி வித்தியாசத்துக்கே 2.3 மி.மீ. நீளும், காவி நிறம் வெயில்ல இன்னும் சூடாகும். ரிவெட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஆணின்னு ஒரு வரி சேருங்க.