பழைய ஸ்டார்லைட் ஸ்கோப்: சோதிக்க முடியாததற்கு என்ன விலை?

மின்மினி77:
ஒஹையோவில் ஒரு எஸ்டேட் சேலில் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் இடம்) துப்பாக்கியில் மாட்டும் பழைய இரவு நோக்கி ஒன்றைப் பார்த்தேன், படம் கீழே. ராணுவப் பச்சை நிறம், முழ நீளம், பின்னால் ரப்பர் கண்மூடி. தகட்டில் தேய்ந்த எழுத்தில் ஏஎன்/பிவிஎஸ்-2. பெட்டி உண்டு, பேட்டரி இல்லை. "இரண்டாம் உலகப் போர் இன்ஃப்ராரெட், அபூர்வம்" என்று சொல்லி 1,500 டாலர் கேட்கிறார். வாங்கலாமா?

கணக்கன்:
அந்தக் கதையை நம்பாதீர்கள். 1945இல் ஒகினாவாவில் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப்புக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்று வேண்டும். பேட்டரியை முதுகில் சுமக்க வேண்டும், நடுவில் கேபிள் ஓடும். உங்கள் படத்தில் விளக்கும் இல்லை, கேபிளும் இல்லை. பிவிஎஸ்-2 வியட்நாம் போர்க்காலச் சரக்கு. நட்சத்திர வெளிச்சத்தை மூன்று கட்டமாகப் பெருக்கும் முதல் தலைமுறை ட்யூப். அதனால்தான் இவ்வளவு நீளம். சோதிக்க வழியில்லையா, ட்யூப் செத்தது என்றே வைத்து விலை பேசுங்கள்.

ராணுவப்பெட்டி:
அடையாளம் சரி அண்ணே, விலைக் கணக்கு சரியில்லை. இதை வாங்குகிறவன் காட்டில் பன்றி பார்க்கவா வாங்குகிறான்? அதற்கு டிஜிட்டல் ஸ்கோப் இருக்கிறது. வியட்நாம் கால எம்16 துப்பாக்கியை அலமாரியில் வைத்திருப்பவனுக்கு மேலே மாட்ட அசல் ஸ்கோப் வேண்டும். ட்யூப் வேலை செய்தால் போனஸ்.

கணக்கன்:
போனஸா? ட்யூப்தான் தம்பி மொத்த ஸ்கோப்பும். பகல் வெளிச்சத்தில் மூடியைக் கழற்றி ஸ்விட்சைப் போட்ட ஆள் ஒருவன் போதும், காலத்துக்கும் கரும்புள்ளி. படம் சுத்தமாக வரும் ஒன்றையும் இரும்புக் குழாயையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ராணுவப்பெட்டி:
ஒரே விலை என்று யார் சொன்னது? செத்தது என்றே முடிவு கட்டுவதைத்தான் கேட்கிறேன். அந்தக் காலத்து பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, அதனால் பாதிப் பேர் சோதிக்காமலே விற்கிறார்கள். 6.75 வோல்ட் கணக்காகப் பட்டன் செல்களை அடுக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டறையில், மூடியைக் கழற்றாமல் போட்டுப் பாருங்கள். மெல்லிய ஊளைச் சத்தம் வந்து, திரை பச்சையாக ஒளிர்ந்தால் உயிர் இருக்கிறது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிரும், பயப்பட வேண்டாம்.

மின்மினி77:
அவர் பேட்டரி போட விடமாட்டார் போலிருக்கிறது. சரி, வாங்கினால் ஊருக்கு அனுப்பலாமா?

கணக்கன்:
அந்தப் பேச்சே வேண்டாம். இரவு நோக்கிகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருபவை. உரிமம் இல்லாமல் பார்சல் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் உருவாகும்; ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார வேண்டாம்.

ராணுவப்பெட்டி:
இது மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மின்மினி, பெட்டிக்குள் மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தும் பிடி, இருக்கிறதா? எம்14 துப்பாக்கிக்கு ஒன்று, எம்16க்கு வேறு. சேகரிப்பாளர்கள் அதைத் தனியாகவே தேடுவார்கள்.

மின்மினி77:
இருக்கிறது! எம்16 கைப்பிடி மேல் உட்காரும் மாதிரி தெரிகிறது. லென்ஸ் மூடியும் உண்டு, நடுவில் ஊசித்துளை.

ராணுவப்பெட்டி:
பகலில் குறி சரிபார்க்கத்தான் அந்தத் துளை. முழு செட் கிடைக்கிறது, ட்யூபை நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கணக்கன்:
மவுண்டுக்கும் பெட்டிக்கும் நியாயமாக ஒரு தொகை கொடுங்கள். வேலை செய்யுமா என்று காட்டாத ட்யூபுக்கு நானாக இருந்தால் ஒரு டாலர்கூடத் தர மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க் கதைக்கும் சேர்த்துத்தான் 1,500 கேட்கிறார், அதை முதலில் கழிக்கச் சொல்லுங்கள்.