பாண் கேட்ட நாள்

சேரம்பாடியிலிருந்து:

நான் நீலகிரியில், தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தாவும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன். இங்கே வந்ததும் சிலோன்காரன்.

வீட்டில் இதைக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். உறைத்தது கோயம்புத்தூரில், கல்லூரி சேர்ந்த முதல் வாரம். பேக்கரியில், "அண்ணா, ஒரு பாண் குடுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினேன். "பிரெட்டா? சிலோன் அகதியாம்மா நீ?" சாதாரணமாகத்தான் கேட்டார். கூட வந்த விடுதிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பாவே இந்த மண்ணில் பிறந்தவர், ஓட்டுப் போடுகிறவர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் மூன்று வருடமும் பிரெட் என்றே சொன்னேன். அம்மா போனில் "தேத்தண்ணி குடிச்சியா" என்று கேட்டால் அறைக்கு வெளியே போய்ப் பதில் சொல்வேன். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டன் போனேன். கடையில் பாண் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்து நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் லயத்து (அங்கே லைன் வீட்டை லயம் என்பார்கள்) வாசலில் கால் வைத்ததும் பெரியம்மா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "இந்தியாக்காரப் பிள்ளை வந்திருக்கு!"

என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆள்காட்டி விரல் ஓரத்தில் கொழுந்துக் கறை ஏறிய கறுப்பு, அதன் நடுவே வெடிப்பு. சேரம்பாடியில் என் அம்மாவுக்கும் அதே விரலில் அதே வெடிப்பு. யார் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி, நான் அந்தக் கைகளின் பிள்ளை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஹட்டனிலிருந்து ஒரு பதில்:

தங்கச்சி, நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் என் பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்றுதான் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் இடத்தில் ஊர் கேட்டால் கண்டி என்று சொல்லிவிடுவேன். தோட்டம் என்றால் முகம் மாறிவிடும், அந்தப் பயம். 2023-இல், நம்மவர்கள் இந்தியாவிலிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்து 200 வருடமானதற்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, கடைசி நாள் நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர் எந்த ஊர் தம்பி என்றார். முதல்முறையாகத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

உங்கள் தாத்தா எந்தத் தோட்டம், எந்த டிவிசன்? எழுதுங்கள், இங்கே விசாரித்துப் பார்க்கிறேன்.