சைக்கிளில் வன்னி சுற்றுகிறேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை

கேள்வி – கொடிகாமம் பெடியன்

ஊரிலிருந்து சைக்கிளில் வெளிக்கிட்டு ஆனையிறவு, கிளிநொச்சி, இரணைமடு, முறிகண்டி என்று வந்து இப்போது மாங்குளத்தில் தெரிந்தவர் வீட்டில் நிற்கிறேன். இனி ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகத் திரும்புவதாகத் திட்டம். தொடக்கத்தில் இருந்த புழுகம் இப்போது இல்லை. இரணைமடுக் குளக்கட்டில் ஏறிப் படம் எடுத்தேன். ஆனால் அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. கரையில் கொக்குகள் நின்றதே இரவு படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முழங்காலும் நோகிறது. ஒரு நாள் நின்று போவதா, பஸ் ஏறித் திரும்புவதா?

பதில் – ஒட்டுசுட்டான் மாமா

தம்பி, ஆனி மாதத்தில் ஆனையிறவிலிருந்து தெற்கே வந்தால் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, நெஞ்சில்தான் அடிக்கும். அந்தக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாரும். பூத்திருந்தால் முதலில் உப்புப் போட்ட மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ குடித்துவிட்டுப் படும். மனதைப் பற்றி நாளைக்குக் கதைக்கலாம். பாதிப் பேருக்கு மனம் மந்தமாவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

நாளைக்கு எங்கேயும் போகாதேயும். மாங்குளத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள், உமக்கு அதுதான் நல்லது. மறுநாள் விடிய வெள்ளன வெளிக்கிடும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு சுமார் 50 கிலோமீற்றர், பெரும்பாலும் காற்று முதுகில் தள்ளும், அவ்வளவாக உழக்கத் தேவையில்லை. வெய்யில் ஏறியதும் ஒட்டுசுட்டானில் நின்றுவிடும். தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு நிழலில் நித்திரை கொள்ளும். வயலுக்குப் போகிற நாங்களே மத்தியான வெய்யிலோடு சண்டை பிடிப்பதில்லை.

போனைப் பையின் அடியில் போடும். வழியில் பாலைப்பழம் விற்கக் கண்டால் வாங்கி, அங்கேயே குந்தியிருந்து சாப்பிடும். உதடெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுக்கும், அதோடு அடுத்த ஊரைப் பற்றி யோசிக்க முடியாது. உம்முடைய பாட்டுக்குக் காட்டுக்குள் புகுந்து பிடுங்கப் போக வேண்டாம், கரடிக்கும் அது நல்ல விருப்பம். மிதிவெடிப் பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்காதேயும். பின்னேரம் இருட்ட முன் ஒரு வீட்டுக்குள் போய்விட வேண்டும், யானை வீதிக்கு வரும்.

பதில் – சங்கிலி எண்ணெய்

மாமா சொன்னது சரி, ஆனால் முழங்கால் நோவுக்கு மோர் காணாது. சீற் பதிவாக இருக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதியை வைத்துப் பாருங்கள், கால் நேராக நீள வேண்டும். நீளாவிட்டால் சீற்றை உயர்த்துங்கள். திரும்பி வரும்போது பரந்தன் வீதியில் காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து அடிக்கும், அந்த நாளைக் குறைத்து வையுங்கள்.

பதில் – முல்லைத்தீவு அக்கா

தம்பி, புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் முள்ளிவாய்க்காலும் வழியில் வரும். அங்கே நின்று ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதைக் களைப்பின் கணக்கில் எழுதாதீர்கள். 2009இல் அங்கே நின்ற எங்களுக்கே சில நாட்களில் ஒன்றும் தோன்றாது. மீன் விலை கதைத்துக்கொண்டு கடந்து போவோம். அழுகை வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கரையில் கருவாடு காயவைப்பவர்களிடம் ‘அப்போது என்ன நடந்தது’ என்று கேட்காமல், என்ன மீன் என்று கேளுங்கள். சொல்ல விரும்புபவர்கள் மிச்சத்தைத் தாங்களே சொல்வார்கள். நான் என்றால் வற்றாப்பளை அம்மனிடம் முதலில் போவேன். வைகாசிப் பொங்கல் முடிந்துவிட்டதால் சனம் இருக்காது, நந்திக்கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

கொடிகாமம் பெடியன்

சட்டையில் உப்புத்தான், மாமா. சீற்றையும் உயர்த்திவிட்டேன், இரண்டு விரல் அளவு பதிந்திருந்தது. நாளை நிற்கிறேன். பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டினால் எதால் கழுவுவது?

ஒட்டுசுட்டான் மாமா

தண்ணீருக்குப் போகாது. தேங்காயெண்ணெய் பூசித் துடையும். சங்கிலிக்கு வைத்திருக்கிற எண்ணெயைப் பூசிவிடாதேயும்.