மறு: கெரட்டோகோனஸ் – தமிழில் என்ன சொல்வது?

> கண்ணின் கார்னியா கூம்பாகப் புடைக்கும் இந்த நோயை ‘கூம்பு விழிவெண்படலம்’ என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

வேண்டாம் ஐயா. கண்ணின் முன்புறத்தில் ஒளி ஊடுருவும் படலமான கார்னியாவை ‘வெண்’படலம் என்பதே இடறுகிறது. நோயாளி கண்ணின் வெள்ளையைக் காட்டி ‘இதுவா?’ என்பார். கண்தானப் பேச்சில் எல்லார் வாயிலும் வருவது ‘கருவிழி’தான், அதுவே இருக்கட்டும். கிரேக்கத்தில் ‘கெராஸ்’ கொம்பு, ‘கோனோஸ்’ கூம்பு. கொம்பை விட்டுவிடலாம்.

வெறும் ‘கருவிழிக் கூம்பு’ என்றால் ஏதோ உறுப்பின் பெயர்போல் ஒலிக்கிறது. நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமன் இருக்கவேண்டிய கருவிழி, பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே மெலிகிறது. மெலிந்த இடம் கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் முன்தள்ளுகிறது. நடந்துகொண்டிருக்கும் மாற்றம் என்பதால் தொழிற்பெயரே பொருந்தும்: ‘கருவிழிக் கூம்பல்’.

*

> ‘கருவிழிக் கூம்பல்’

தாமரை கூம்பியது என்றால் இதழ் மூடியது என்று பொருள். கண்ணோடு சேர்த்தால் இமை மூடும் நோய் என்றல்லவா எண்ணுவார்கள்? ‘கூம்புக் கருவிழி’ போதும். அதே அச்சில், கருவிழி முழுதும் கோளமாகப் புடைக்கும் கெரட்டோகுளோபஸுக்குக் ‘கோளக் கருவிழி’ வார்க்கலாம். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் லேசர் அறுவைக்குப் பின் வருவது ‘கருவிழிப் புடைப்பு’ எனத் தனியே நிற்கட்டும்.

அஸ்டிக்மாடிசத்துக்குப் பாடநூல் தரும் ‘பார்வைச் சிதறல்’ இங்கே ‘ஒழுங்கற்ற’ என்ற அடையோடுதான் வரவேண்டும். உருளை வில்லை ஒழுங்கான சிதறலைத்தான் சரிசெய்யும். கூம்புக் கருவிழிக்கு ஒற்றை விளக்கு பல நிழல்களோடு தெரியும். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் நிழல் முழுதும் போகாது. கண்ணுக்குள் பொருத்தும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ், அதாவது கெட்டி வில்லை போட்டால் மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிவிடுவதால் பார்வை தெளிகிறது. (அதைக் கழற்றிச் சில வாரம் விட்டுத்தான் கருவிழி வரைபடம் எடுக்கவேண்டும், இல்லையேல் வில்லை அழுத்திய வடிவமே பதிவாகும்.)

ஸ்கிளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாமல் வெள்ளையில் அமர்வதால், ‘வெண்விழி தாங்கு வில்லை’. பாதுகாப்புப்பொருள் கலவாத உப்புநீரை விளிம்புவரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்துப் போடவேண்டும். குமிழி சிக்கினால் பார்வை மங்கும், அந்த இடம் உலரும். கழற்றி மறுபடி நிரப்புவதைத் தவிர வழியில்லை. ‘குமிழிச் சிக்கல்’ என்று ஒரு பதிவும் சேர்க்கலாம்.

*

கூம்புக் கருவிழிக்கு என் ஒப்புதலும் உண்டு அம்மா. அடுத்து, கூம்பு வளர்வதை நிறுத்தச் செய்யும் சிகிச்சையான கிராஸ்லிங்கிங். வேதியியலில் இது ஏற்கெனவே ‘குறுக்குப் பிணைப்பு’. புதிதாக ஒன்று வேண்டாம். விளக்கத்தில் ‘லேசர்’ மட்டும் வரக்கூடாது, கண்ணாடியே தேவைப்படாது என்று எதிர்பார்த்துவிடுவார்கள். வழக்கமான முறையில் கருவிழியின் மேல்தோலை நீக்கி, 0.1 விழுக்காடு ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளை 30 நிமிடம் ஊறவிட்டு, பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் அளவில் 30 நிமிடம் பாய்ச்சுகிறார்கள். கொலாஜன் இழைகள் இறுகி, கூம்பு வளர்வது பெரும்பாலும் நிற்கும். பார்வையைத் திருத்துவது இதன் வேலையில்லை. மேல்தோல் நீக்கியபின் தடிமன் 400 மைக்ரானுக்குக் குறைந்தால், ஒளி உட்புற உயிரணுக்களைச் சிதைக்கலாம்.

ஹைட்ராப்ஸுக்கு ‘நீர்க்கோவை’ என்று எழுதியிருப்பதை அடியுங்கள், சளிக்கு மருந்து தேடுவார்கள். கருவிழியின் உட்சவ்வு கிழிந்து, நீர் புகுந்து, வலியோடு திடீரென வெளுத்துப்போவதுதான் இது: ‘திடீர் நீரேற்றம்’. கண் தேய்ப்பதற்குப் புதுச்சொல் எதற்கு? ‘கண்ணைக் கசக்காதே’ என்றாலே எந்தக் குழந்தைக்கும் புரியும். இந்த நோயில் முதல் அறிவுரையும் அதுதான்.